கையில் இல்லாததை விற்கலாமா?

தாம்பரத்திற்குத் தெற்கே வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என நீளும் இருப்புப்பாதையின் இருமருங்கிலும் வேலியிட்ட வெற்று மனைகள் பல கிடக்கின்றன. இன்று வாங்கிப் போட்டால் நாளை விலை ஏறும் என்னும் நம்பிக்கையே அந்த வேலிக்குள் விளையும் பயிர். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்டது அந்நம்பிக்கைக்கு உரமிட்டது. இவ்வாறு ஏற்றத்தை எதிர்நோக்கி வாங்கி வைத்திருப்பதைப் பங்குச் சந்தையார் 'லாங்' என்பர். அவ்வாறு செய்வோரைக் காளைகள் என்பர்.

'ஷார்ட்' என்பது இதற்கு நேர்மாறானது. விலை இறங்கும் எனக் கருதுபவர், தம்மிடம் இல்லாத பங்கை இரவல் வாங்கி நூறு ரூபாய்க்கு விற்கிறார். விலை எழுபதாக இறங்கியதும் சந்தையில் வாங்கி இரவலைத் தீர்க்கிறார். இரவல் கூலி போக எஞ்சுவது அவருடைய ஆதாயம். இவரே கரடி. காளை இழக்கக்கூடியது போட்ட முதலை மட்டுமே. கரடியின் இழப்புக்கோ எல்லை இல்லை. நூறு முந்நூறானால் அவர் இருநூறை இழப்பார்.

பிறர் மனையைத் தமது எனப் பதிவு செய்து விற்பவர் குற்றவாளி. கையில் இல்லாத பங்கை விற்பவரோ வணிகர். அறம் இவ்விருவருக்கும் இடையே எங்கே கோடு கிழிக்கிறது?

சந்தையில் பின்னர் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்னும் எண்ணத்தில், கைவசம் இல்லாத பொருளை முன்னரே விற்பது குறித்து ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) வினவியபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனைத் தடுத்தார்கள். ஆயினும், விளையப் போகும் பேரீச்சம் பழத்திற்கு முழு விலையையும் முன்னதாகவே கொடுத்து, அளவும் தவணையும் திட்டமாகக் குறித்துக்கொள்ளும் 'ஸலம்' வணிகத்தை அனுமதித்தார்கள். வருங்காலத்தை விற்பதன்று தடை; வாங்குபவரை ஐயத்தில் நிறுத்துவதே தடை என்பது இதனால் விளங்கும். இரவல் பெற்று விற்பதும் தகாது என்பதே இன்றைய மார்க்க அறிஞர் பலரின் முடிவு.

அந்த ஐயம் எத்துணை பெரிதாகும் என்பதை 1982-ஆம் ஆண்டு காட்டிற்று. கல்கத்தாவைச் சார்ந்த கரடிகள், பம்பாய்ச் சந்தையில் ரிலையன்ஸ் பங்குகளைக் கையில் இல்லாமலே விற்றுக் குவித்தனர். அம்பானியின் ஆதரவாளர்கள் அவற்றை வாங்கிக்கொண்டே வந்தனர். தவணை நாளில் பங்குகளையே நேரில் கேட்டனர். விற்றவரிடம் பங்கு இல்லை. நெருக்கடி முற்றிச் சந்தையையே மூன்று நாட்கள் மூட நேர்ந்தது. இன்று, கொடுக்க வேண்டிய பங்கைத் தீர்வு நாளில் ஒப்படைக்காமல் ஷார்ட் விற்பதைச் 'செபி' அனுமதிப்பதில்லை.

எனில், கரடி என்றாலே தீயவரா? அமெரிக்காவின் என்ரான் நிறுவனம் 2001-இல் கவிழ்வதற்கு முன்னரே, அதன் கணக்கில் ஐயுற்று ஷார்ட் விற்றவர் ஜிம் சானோஸ். ஊரே புகழ்ந்த சுவரில் அவர் விரிசலைக் கண்டார். விரிசலைச் சுட்டுபவர் வேறு. கடப்பாரை கொண்டு சுவரை இடித்துவிட்டு விரிசல் என்பவர் வேறு. பொய் வதந்தி பரப்பி விலையை வீழ்த்துபவர் இரண்டாம் வகையினர்.

காளையும் குற்றமற்றவர் அல்லர். வீடு கட்டும் எண்ணமே இன்றி மனைகளை வளைத்துப் போட்டால், தாம்பரத்தில் வாடகைக்குக் குடியிருக்கும் தொழிலாளிக்குச் சொந்த வீடு இன்னும் பல கல் தொலைவு தள்ளிப் போகிறது. அவருடைய ஏக்கத்தின் மீதே நம் இலாபம் ஏறி நிற்கிறது. அதனைச் சேமிப்பு என்று அழைத்து நாம் மனம் அமைதி கொள்கிறோம்.

ஆகவே, விலை ஏறும் என்பதும் இறங்கும் என்பதும் வெறும் கணிப்புகளே. அவற்றில் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. கொடுப்போம் என்று சொன்னதைக் கொடுக்க நம்மால் இயலுமா? நம் ஆதாயத்திற்காக எவருடைய இழப்பையேனும் நாமே உண்டாக்குகிறோமா? இவ்விரு வினாக்களுக்கும் நேர்மையாக விடை கூற இயலாதவர், வாங்கினாலும் விற்றாலும், பிறர் பொருளில் கை வைத்தவரே ஆவார்.