நடுவுநிலையும் நூறு மில்லியன் மடங்கும்

தேர்வு என்பது மாணாக்கரை அளப்பது என்றே எண்ணிப் பழகியிருக்கிறோம். வினாத்தாளை இயற்றுபவனும் அங்கே அளக்கப்படுகிறான். பொறிகளுக்கு வைக்கும் தேர்விலும் அப்படித்தான்.

பள்ளிப் பேருந்து ஒன்று இருபது வீடுகளுக்குச் செல்ல வேண்டும். எந்த வரிசையில் சென்றால் தொலைவு குறையும்? நொடிக்கு நூறு கோடி வரிசைகளை ஆராயும் கணினிக்கும், எல்லாவற்றையும் பார்த்து முடிக்க எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். எண்ணற்ற வழிகளுள் சிறந்ததைத் தேடும் இத்தகைய கணக்குகளுக்கென்றே கனடாவின் டி-வேவ் நிறுவனம் தனிவகைக் குவாண்டம் சில்லுகளைச் செய்தது.

2015இல் கூகுள் ஆய்வாளர்கள் அவற்றுள் ஒன்றைச் சோதித்தனர். 945 மாறிகள் கொண்ட கணக்குகளில், சாதாரணக் கணினிச் செயலி ஒன்றைவிட அது ஏறத்தாழ நூறு மில்லியன் மடங்கு விரைந்தது என்றனர். அது பொய்யன்று. ஆயினும் அக்கணக்குகள் சில்லின் தனித்திறம் வெளிப்படுமாறு வடிக்கப்பட்டவை. உயர்ந்து ஒடுங்கிய குன்றுகள் நிறைந்த நிலம் போன்றவை. செயலிக்குத் தரப்பட்டதோ, காய்ச்சிய உலோகம் மெல்ல ஆறுவதைப் பின்பற்றும் ஒரு கணக்குமுறை. அது குன்றுகளை ஏறி இறங்கியே தீர வேண்டும். சில்லோ குடைந்து செல்ல வல்லது. அச்சில்லின் அமைப்பை அறிந்து எழுதப்பட்ட வேறு முறைகள், சாதாரணக் கணினியிலேயே அதற்கு ஈடுகொடுத்தன.

இதில் குற்றம் உண்டா? பொன் நிறுக்கும் தராசில் அரிசி மூட்டையை ஏற்றுவார் இல்லை. சில்லு குன்றைக் குடைகிறதா என அறிய, குன்றுள்ள நிலமே வேண்டும். ஆனால், ‘இது இயலுமா?’ என்னும் வினா ‘இதுவே சிறந்ததா?’ என மாறும்போது, எதிரில் நிறுத்தப்படுபவன் ஆற்றல் மிக்கவனாய் இருத்தல் வேண்டும். முன்னதாக 2014இல், வேறொரு குழுவினர் டி-வேவின் 503 குவாண்டம் பிட் சில்லுக்குப் பொறுக்கி எடுக்காத கணக்குகளைத் தந்து பார்த்தனர். மொத்தத்தில் விரைவு மேம்பாடு எதுவும் புலப்படவில்லை.

கூகுள் ஆய்வாளர் ஒன்றையும் மறைக்கவில்லை. ஈடுகொடுக்கும் முறைகள் உள்ளன எனத் தம் கட்டுரையிலேயே எழுதினர். தலைப்புச் செய்திகளில் எண் நின்றது, நிபந்தனை உதிர்ந்தது. உதிரும் என அறிந்தவர், இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கட்டித் தருவதே கடமை என்பேன்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி குறைவு. தலைமையாசிரியனான தொடக்கத்தில், பிள்ளைகள் நன்கு பயின்ற பாடங்களிலிருந்தே ஓர் ஆண்டு வினாக்களை எடுத்தேன். அனைவரும் தேறினர். பெற்றோர் கூட்டத்தில் அந்த விழுக்காட்டைப் பெருமையுடன் படித்தேன். வினாத்தாளைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை, எவரும் கேட்கவுமில்லை.