மூன்று மாதத் தங்கம்

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை. ஆய்வுக்கூடம் முடிந்து ஃபேரர் பார்க் நிலையத்தில் இறங்கி, ஓவன் ரோடு பக்கம் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். கைப்பேசியில் ஒரு மின்னஞ்சல். ஒரு விமான நிறுவனம் எனக்குத் தங்க உறுப்பினர் தகுதி தருகிறதாம். மூன்று மாதத்துக்கு. இலவசமாக.

மோசடியாக இருக்கும் என்று அழிக்கப் போனேன். வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்தால் உண்மைதான். போன வருடம் வேலைப்பயிற்சியில் என்னை இரண்டு தடவை ஃபிராங்ஃபர்ட் அனுப்பினார்கள். ஒரு வழிக்குச் சுமார் 6,400 மைல். நான்கு பயணம் சேர்ந்து 25,000 மைலைத் தாண்டியதும், அப்போது நான் பறந்த நிறுவனம் வெள்ளி அட்டை கொடுத்தது. இப்போது இன்னொரு நிறுவனம், "அங்கே வெள்ளியா? எங்களிடம் வாருங்கள், தங்கமாக நடத்துகிறோம்" என்கிறது. வாடிக்கையாளரை இழுக்கிற வேலை. அதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை.

தங்கம் என்றால் என்ன கிடைக்கும்? தனி வரிசையில் பெட்டி போடலாம். முதலில் விமானம் ஏறலாம். 20 கிலோ கூடுதலாகக் கொண்டுபோகலாம். லவுஞ்சில் உட்கார்ந்து சாப்பிடலாம், கூட ஒரே ஒருவரை அழைத்துப் போகலாம். டிசம்பரில் நாங்கள் நாலு பேரும் சென்னை போகிறோம்: அப்பா, அம்மா, பாட்டி, நான். அதுவும் இதே நிறுவனத்தின் விமானத்தில்தான் டிக்கெட் போட்டிருக்கிறோம். நேரம் இவ்வளவு பொருத்தமாக அமைந்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

நிபந்தனையும் உண்டு. அந்த 90 நாளுக்குள் ஆறு பயணம் செய்தால் தங்கம் ஒரு வருடத்துக்கு நீளும். இல்லாவிட்டால் போய்விடும். விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம்: 'இந்தக் காலத்தில் நீங்கள் திட்டமிட்டுள்ள பயணங்கள் எத்தனை?'

என் திட்டப்பணிக் கூட்டாளியிடம் காட்டினேன். "டேய், சும்மா கிடைக்குது. ஆறுன்னு போடு. யார் வந்து எண்ணப் போறாங்க?" என்றான். அவன் கெட்டவன் இல்லை. நம்மில் பாதிப் பேர் அதையேதான் சொல்வோம். ஆனால் எனக்கு இருப்பது போக ஒன்று, வர ஒன்று, ஆக இரண்டு. ஆறு என்று எழுதினால் அது பொய். சின்னப் பொய்தான், ஒரு இலக்கம்தான். ஆய்வுக்கூடத்தில் அளவீடு இரண்டு என்று வந்ததை ஆறு என்று எழுதினால் அதற்கு என்ன பெயர் என்று எங்களுக்கு முதலாம் ஆண்டிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். இதில் எனக்குக் குழப்பம் இல்லை.

குழப்பம் இதற்கு அடுத்த கேள்வியில்தான். 'இரண்டு' என்று உண்மையை எழுதி, அவர்களும் சரி என்று கொடுத்தால், வாங்கிக்கொள்ளலாமா?

முதலில் எனக்குத் தோன்றிய ஆட்சேபம், 'இது நான் உழைத்துச் சம்பாதித்தது இல்லையே' என்பது. கொஞ்சம் யோசித்தால் அது நிற்கவில்லை. தங்கத்தை யார்தான் உழைத்துச் சம்பாதிக்கிறார்கள்? 1978-இல் அமெரிக்காவில் விமானத் துறை மீதான அரசுக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். கட்டணப் போட்டி சூடானது. 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மைல் கணக்குத் திட்டத்தை ஆரம்பித்தது, மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். நம் ஊர் கிரிஸ்ஃபிளையர் 1999-இல் வந்தது. அதில் நீண்ட காலமாக இருந்துவரும் கணக்கு, 12 மாதத்தில் 25,000 மைலுக்கு வெள்ளி, 50,000-க்குத் தங்கம். அந்த மைலில் பெரும்பகுதி முதலாளி வாங்கிக் கொடுத்த டிக்கெட்டில் சேர்வது. என் வெள்ளியே அப்படித்தான். நான் ஜன்னலோரம் தூங்கினேன், மைல் ஏறியது. அதனால் 'தகுதி' என்ற சொல்லை இங்கே ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்படியானால் என்னை உறுத்தியது எது?

2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இருக்கிறது. ஜோசப் நூனெஸ், சேவியர் ட்ரேஸ் என்ற இருவர் செய்தது. கார் கழுவும் கடை ஒன்றில் 300 பேருக்கு முத்திரை அட்டை கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு எட்டுக் கட்டம் உள்ள அட்டை, எட்டும் காலி. மீதிப் பேருக்குப் பத்துக் கட்டம், அதில் இரண்டு முத்திரையைக் கடைக்காரரே குத்திக் கொடுத்துவிட்டார். இருவருக்கும் இன்னும் தேவை எட்டு முறைதான். காலி அட்டை வாங்கியவர்களில் 19 சதவீதம் பேர் முடித்தார்கள். இரண்டு முத்திரை 'இலவசமாக' வாங்கியவர்களில் 34 சதவீதம்.

கணக்கு ஒன்றேதான். மனசுதான் மாறியது. ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டோம், விட்டால் நஷ்டம் என்று தோன்றிவிடுகிறது.

என்னையே பார்த்தேன். மின்னஞ்சல் வந்த மறுநாள் ராத்திரி, பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில், நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? இன்னும் நாலு பயணம் எப்படிச் சேர்ப்பது என்று மலிவு டிக்கெட் தேடிக்கொண்டிருந்தேன். இன்னும் விண்ணப்பிக்கவே இல்லை! சனிக்கிழமை சென்னை, ஞாயிற்றுக்கிழமை திரும்பி. அப்படி இரண்டு தடவை. அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.

பொறியியல் படிப்பவன் என்பதால் கையோடு ஒரு கணக்கும் போட்டேன். சிங்கப்பூர்–சென்னை சுமார் 2,900 கிலோமீட்டர். ஓர் இருக்கைக்கு 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் எரிபொருள் என்று தோராயமாக வைத்தால் ஒரு வழிக்கு 87 லிட்டர். நாலு வழிக்குக் கிட்டத்தட்ட 350 லிட்டர். ஒரு லிட்டர் எரிந்தால் இரண்டரை கிலோ கரியமிலவாயு. மொத்தம் 870 கிலோவுக்கு மேல். நான் ஏறாவிட்டாலும் அந்த விமானம் பறக்கும் என்பீர்கள், அது ஒரு வாதம்தான். ஆனால் எல்லாரும் அதையே சொல்லித்தான் விமானம் நிரம்புகிறது.

நம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கடோபநிடதம் படித்தது அப்போது ஞாபகம் வந்தது. நசிகேதன் கதை எல்லாருக்கும் தெரியும், எமன் ஆசை காட்டினான், அவன் மறுத்தான் என்று. ஆனால் கதையின் ஆரம்பத்தை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். எமன் வீட்டில் இல்லை. வந்த விருந்தாளி மூன்று ராத்திரி சாப்பாடில்லாமல் வாசலில் காத்திருந்தான். அதற்கு ஈடாகத்தான் மூன்று வரம். விமானம் தாமதமானால் சாப்பாட்டுச் சீட்டு கொடுப்பார்களே, அந்த மாதிரி. (வகுப்பில் இதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள், வகுப்பு எடுக்கும் அக்காவும்தான்.)

நசிகேதன் அந்த வரங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் வரத்தில் அப்பாவின் கோபம் தணியட்டும் என்றான், இரண்டாவதில் வேள்வித் தீயைப் பற்றிக் கேட்டான். தனக்கு உரியதை வாங்கிக்கொண்டான். மூன்றாவதாக, செத்த பிறகு என்ன என்று கேட்டபோதுதான் எமன் யானை, குதிரை, பொன், நிலம் என்று அடுக்க ஆரம்பித்தான். ஏன்? அந்தக் கேள்வியை அவன் கைவிட வேண்டும் என்பதற்காக. நசிகேதன் மறுத்தது அதைத்தான்.

அதனால் பொன் நல்லதா கெட்டதா என்று நான் கேட்டுக்கொண்டிருந்ததே தவறான கேள்வி. இதைக் கொடுப்பவர் நான் எந்தக் கேள்வியை விட்டுவிட வேண்டும் என்று நினைக்கிறார்? என் விஷயத்தில் பதில் சுலபம். 'இந்தப் பயணம் எனக்குத் தேவையா?' என்ற கேள்விதான் அது. அந்த ஒரு ராத்திரியிலேயே அதை விட்டுவிட்டேனே!

சரி, என்மேல் எனக்குக் கட்டுப்பாடு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கூடுதலாக ஒரு பயணமும் செய்ய மாட்டேன், டிசம்பரில் மட்டும் அனுபவித்துவிட்டு விட்டுவிடுவேன். அதில் என்ன தப்பு?

இங்கேதான் வரிசை வருகிறது. சென்னை, திருச்சி விமானங்களுக்குச் சாங்கியில் பெட்டி போடும் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். கயிறு கட்டின அட்டைப் பெட்டியோடு நிற்கும் அண்ணன்மார். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போகிறவர்கள். முந்தின ஞாயிற்றுக்கிழமை முஸ்தஃபாவில் பார்த்த அதே முகங்கள். ஒருவர் பத்து வருடமாக ஒரே நிறுவனத்தில்தான் போய் வருகிறார் என்று வையுங்கள். மைல் கணக்கில் அவருடைய நிலை என்ன? ஒன்றுமில்லை. கணக்கு 12 மாதத்துக்குள் எத்தனை மைல் என்றுதான் பார்க்கிறது. சேர்ந்த மைலும் கிரிஸ்ஃபிளையரில் மூன்று வருடத்தில் காலாவதி. இதற்கு வைத்திருக்கும் பெயர் விசுவாசத் திட்டம். விசுவாசம் என்ற சொல்லுக்கு அவரைவிடப் பொருத்தமானவர் யார்?

வரிசையில் முன்னே போவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. போன தடவை திருமலையில் பாட்டியை 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான இலவச வரிசையில் அழைத்துப் போனோம். யாருக்கும் வருத்தமில்லை. 300 ரூபாய் சிறப்பு தரிசன வரிசையும் அங்கே இருக்கிறது, அதில் நானும் போயிருக்கிறேன், மறைக்கவில்லை. இரண்டு வரிசையிலும் பின்னால் நிற்பவர் காத்திருக்கிறார். ஆனால் முதலாவதில் ஏன் காத்திருக்கிறோம் என்று அவருக்கே நியாயம் தெரியும். பாட்டியின் முழங்காலைப் பார்த்தாலே போதும். மற்றதில் நான் அவரிடம் சொல்லக்கூடிய நியாயம் ஒன்றுதான், என்னிடம் சீட்டு இருக்கிறது. தங்க அட்டையோ அதற்கும் கீழே. அந்தச் சீட்டுக்காவது நான் காசு கொடுத்தேன்.

நம் வட்டாரத்துக்கும் விமானத்துக்கும் பழைய உறவு உண்டு, இடையில் ஒரு வார்த்தை. ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயருக்குக் காரணமான அந்தக் குதிரைப் பந்தயத் திடலில்தான் 1911 மார்ச்சில் சிங்கப்பூரின் முதல் விமானம் பறந்தது. 1919 டிசம்பர் 4-இல், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்த ராஸ் ஸ்மித்தும் அவர் அண்ணன் கீத்தும் இரண்டு மெக்கானிக்குகளும் இங்கேதான் வந்து இறங்கினார்கள். திறந்த கூண்டு, முகத்தில் காற்று, நாலு பேருக்கும் ஒரே வகுப்பு. பெருமாள் கோயிலுக்குப் போகிற வழியில் இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

இத்தனையும் யோசித்த பிறகும் முடிவெடுக்க முடியவில்லை. காரணம் அப்பா.

அப்பா இருபது வருடமாகச் சாங்கியில் பெட்டி ஏற்றுகிறார். 'முன்னுரிமை' என்று சீட்டுக் கட்டின பெட்டிகளைத் தனியாக வைத்து, இறங்கும்போது முதலில் வருகிற மாதிரி ஏற்றுவது அவருடைய கை. லவுஞ்சின் உள்பக்கத்தை அவர் பார்த்ததே கிடையாது. கூட ஒருவரை அழைத்துப் போகலாம் என்று படித்த நிமிடத்திலேயே என் மனசில் வந்தது அப்பா முகம்தான். என் நேர்மையைக் காப்பாற்றிக்கொள்ள அவருடைய ஒரு மணி நேர சுகத்தை நான் விட்டுக்கொடுப்பதா? மறுப்பதில்கூட ஒரு அகங்காரம் இருக்கிறது இல்லையா? 'நான் ரொம்ப ஒழுங்கு' என்கிற அகங்காரம். இதுதான் என்னை உண்மையிலேயே தூங்கவிடாத கேள்வி.

கடைசி நாளுக்கு முந்தின ராத்திரி அவர் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் கேட்டேன். சோறு பிசைந்துகொண்டே கேட்டார்.

"எத்தனை பேர் உள்ள போலாம்?"

"நான், இன்னும் ஒருத்தர்."

"அப்ப அம்மாவும் பாட்டியும்?"

"வெளியில உக்காந்திருக்கணும். ஒரு மணி நேரம்தான்ப்பா."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "பாட்டிக்கு வீல்சேர் சொல்லியாச்சு. அவங்களை முதல்ல ஏத்திடுவாங்க, கூட ஒருத்தரையும் விடுவாங்க. அது போதும்டா," என்றார். அப்புறம், "நீ மட்டும் வேணும்னா போ. ஒண்ணும் தப்பில்ல," என்று சொல்லிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டார்.

'தப்பில்ல' என்றுதான் சொன்னார். அவர் எனக்குப் பாடம் எடுக்கவில்லை, அதைக் குறிப்பிட்டாக வேண்டும். ஆனால் நாலு பேர் ஒன்றாகக் கிளம்புகிற பயணத்தில் இரண்டு பேரை வாசலில் உட்கார வைக்கிற வசதி என்று அதுவரை நான் பார்க்கவே இல்லை. நசிகேதனின் முதல் வரமும் அப்பாவைப் பற்றியதுதான் என்பது பிறகுதான் உறைத்தது.

படிவத்தை அனுப்பவில்லை. கெடு தாண்டிவிட்டது.

அம்மாவுக்கு மட்டும் கோபம். லவுஞ்ச் போனதில் அவருக்குக் கவலை இல்லை, 20 கிலோ போனதில்தான். சித்தி வீட்டுக்கு மைலோ, பெரியப்பாவுக்குக் கோடாலித் தைலம், யார் யாருக்கோ சாக்லேட் என்று பட்டியல் போட்டாயிற்று. நேற்று பெட்டியைத் தராசில் வைத்தால் ஐந்து கிலோ கூடுதல். "உன் உபநிடதத்துக்கிட்டயே கேளு, எதை எடுக்கலாம்னு," என்றார். என் காலணியையும் இரண்டு பாடப்புத்தகத்தையும் வெளியே எடுத்தேன். இன்னும் ஒன்றரை கிலோ குறைக்க வேண்டும்.