சித்தாளும் கொத்தனாரும்



கட்டிடத் தொழிலில் இதுகாறும் இடம்பெறாத மக்களை அத்தொழிலுக்குச் சேர்த்துக்கொள்ளல் வேண்டும் என்னும் பேச்சு இக்காலத்தில் பல திசைகளிலும் எழுந்துள்ளது. மாதர், பழங்குடியினர், தாழ்த்தப்பட்டோர், அயல் மாநிலத்தார் ஆகிய யாவர்க்கும் வேலை அளித்தல் வேண்டும் என்கின்றனர். நல்லதே. ஆயினும் இதனைக் கேட்குந்தோறும் நமக்கு ஓர் ஐயம் எழுகின்றது. அம்மக்கள் எக்காலத்தில் கட்டிடத் தொழிலில் இல்லாதிருந்தனர்?

சிஞ்ச்வட் நகரில் காலை ஏழு மணிக்கு வீதியில் நடப்போர் இதற்கு விடை அறிவர். மராத்தியர் மஜூர் அட்டா என்றழைக்கும் நாற்சந்திகளில் நாட்கூலிக்காகக் கூடி நிற்போர் யாவர்? மராட்டவாடாவின் வானம் பார்த்த ஊர்களினின்று வந்தோர். பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா நாட்டார். கல்லுடைத்தல் குலத்தொழிலாகச் சுமத்தப்பெற்ற வடார் மக்கள், அவரைத் தமிழ்நாட்டில் ஒட்டர் என்பர். இவர்களிடையே நம் தமிழரும் உளர். இடுப்பிற் குழந்தையும் கையில் சோற்றுப் பாத்திரமும் கொண்டு நிற்கும் தாய்மாரும் உளர். பிம்ப்ரியும் சிஞ்ச்வட்டும் தொழிற்சாலைகளால் வளர்ந்து 1982இல் மாநகராட்சியாயின. இன்று வாகடிலும் ராவேத்திலும் மாடிமேல் மாடியாக வீடுகள் எழுகின்றன. அவற்றுள் இம்மக்களின் தலைச்சுமை படாத வீடு ஒன்றேனும் உண்டோ?

ஆகவே, வாயில் அடைபட்டிருக்கிறது என்பதன்று முதற்குறை. வாயிலுக்குள் புகுந்தவர் எவ்விடத்தில் நிறுத்தப்படுகிறார், எத்தனை ஆண்டுகள் அங்கேயே நிற்கிறார் என்பதே நாம் ஆராய வேண்டிய பொருள்.

சொற்களையே முதலில் உற்று நோக்குவோம். சுவர் எழுப்புவோரைத் தமிழில் கொத்தனார் என்கிறோம். ஈற்றில் 'ஆர்' என்னும் மரியாதை விகுதி நிற்கிறது. கலவையும் கல்லும் சுமப்போரைச் சித்தாள் என்கிறோம். சிறு ஆள் என்பதே அதன் பொருள். மராத்தியில் கொத்தனார் கவண்டி எனப்படுவார். சுமப்பவர் பிகாரி எனப்படுவார். பிகார் என்பது கூலியின்றி வாங்கும் கட்டாய வேலை. நம் பழைய கல்வெட்டுகள் வெட்டி எனக் குறிப்பதும் அஃதே. இன்று கூலி கொடுக்கிறார்கள். பெயரை மட்டும் மாற்றவில்லை. பதினெட்டு வயதில் சித்தாளாகச் சாரம் ஏறிய பெண் ஐம்பது வயதில் சித்தாளாகவே இறங்குகிறாள். அவளோடு வேலைக்கு வந்த பையன் சில ஆண்டுகளில் கரணை பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுகிறான். ஒரு தொழிலை ஒருத்திக்கு முப்பது ஆண்டுகள் கண்ணால் காணக் காட்டிக் கையால் தொடவொட்டாது தடுத்தல் எவ்வகை அறம்?

சட்டம் இதனைத் தீர்க்கவில்லையோ எனின், ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976இல் சம ஊதியச் சட்டம் விதித்தது. அவ்விதி பின்னர் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பினுள் சேர்க்கப்பட்டது. ஆனால் ஒரே வேலை, அல்லது அதனையொத்த வேலை என்றன்றோ சட்டம் கூறுகிறது? அவளுக்கு அந்த வேலையையே கொடாதவரையில் அச்சம ஊதிய விதியால் அவளுக்குப் பயனில்லை. சட்டம் இருந்தும் அநீதி நிலைபெறும் இடம் இது. இவ்விடத்தில்தான் சட்டத்தின் எல்லை முடிந்து தம்மத்தின் எல்லை தொடங்குகிறது.

பெண்ணுக்கு அவ்வலிமை இல்லை என்பர் சிலர். சிகாலன் என்னும் இல்லறத்தானுக்குப் பகவன் உபதேசித்தபோது, எசமானன் தன் பணியாளர்க்குச் செய்யவேண்டிய ஐந்து கடமைகளைக் கூறினார். வலிமைக்கேற்ப வேலை பகிர்தல், உணவும் கூலியும் அளித்தல், நோயிற் பேணுதல், நற்பண்டங்களைப் பகிர்ந்துகொள்ளுதல், உரிய காலத்தில் ஓய்வளித்தல் என்பன அவை. வலிமையே அளவாயின், கட்டிட வேலையில் நடப்பது யாது? கலவை நிறைந்த சட்டியைச் சும்மாட்டின்மேல் வைத்து மூன்று மாடி ஏறுபவள் பெண். அச்சட்டியினின்று ஒரு கரணைக் கலவை எடுத்து வைப்பவன் ஆண். சட்டி கனமோ, கரணை கனமோ? பளுவானதை வலிமை குறைந்தவள் என்று நாம் கூறுபவளுக்கும், இலேசானதை வலிமை மிக்கவனுக்கும் கொடுத்துவிட்டு, வலிமையைக் காரணமாகக் காட்டுதல் பொய்ம்மையன்றோ?

ஆலைத் தொழிலாளராயிருந்த நமக்கு இத்தகைய காரணங்கள் புதியனவல்ல. முற்காலத்துப் பம்பாய்ப் பஞ்சாலைகளில் தீண்டப்படாதாரெனப்பட்டோர் வேலைக்குச் சேர்க்கப்பட்டனர். ஆனால் கூலி மிகுந்த நெசவுப் பகுதியில் அவர்க்கு இடமில்லை. நாடாவின் துளை வழியே நூலை வாயால் உறிஞ்சி இழுத்தல் வேண்டும். அவர் வாய்பட்ட நாடாவைத் தாம் தொடோம் என்றனர் சாதி நெசவாளர். 1928ஆம் ஆண்டுப் பெருவேலைநிறுத்தத்தின்போது பாபாசாகேப் அம்பேத்கர் இவ்வநீதியை எடுத்துரைத்து, இதனை ஒழிப்பதையும் கோரிக்கையாக ஏற்குமாறு வேலைநிறுத்தத் தலைவர்களை வற்புறுத்தினார். ஆலையின் வாயில் நம் முன்னோர்க்குத் திறந்தேயிருந்தது, தறியே மூடப்பட்டிருந்தது. இதனை நாம் மறத்தலாகாது.

மறந்தோம் என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகின்றோம். நம் சங்கக் கூடத்திற்குச் சுற்றுச்சுவர் எழுப்பிய காலத்தில், நடுவயதுச் சகோதரி ஒருத்தி சித்தாளாக வந்திருந்தாள். உணவு வேளையில் கொத்தனார் அகன்றிருந்தபோது, அவள் கரணையை எடுத்துக் கல் வைக்கத் தொடங்கினாள். ஒரு வரிசை முடித்துத் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தாள். சுவர் நூல் பிடித்தாற்போல் நின்றது. மீண்டு வந்த கொத்தனார் ஒரு சொல்லும் கூறாமல் அவ்வரிசையைப் பெயர்த்தெறிந்து, அதே கற்களைத் தாமே வைத்தார். அவள் தலை குனிந்து சட்டியை எடுத்துக்கொண்டாள். நாம் அருகில் நின்றோம்; வாய் திறந்தோமில்லை.

அக்கொத்தனார் அயலார் அல்லர். நம்மோடு திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்றவர். 1954ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் பாபாசாகேப் தம் கையால் புத்தர் திருவுருவை நிறுவிய தேஹூ ரோடு விகாரைக்கு ஆண்டுதோறும் அந்நாளில் சென்று வணங்குபவர். அன்று மாலை அவரிடம் காரணம் கேட்டோம். "ஐயா, என் தகப்பனாருக்கு ஒருவரும் கரணை கொடுக்கவில்லை. நான் பத்து ஆண்டு அடியும் வசவும் பட்டுக் கற்றேன். எல்லாரும் கற்றுக்கொண்டால் குறைந்த கூலிக்கு அவர்களை வைத்துக்கொண்டு என்னை அனுப்பிவிடுவார்கள். என் பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவார்?" என்றார்.

இவ்விடையை எளிதில் தள்ளிவிடலாகாது. அவர் அச்சம் பொய்யன்று. கற்றுக்கொடுத்துவிட்டு அரைக்கூலியில் வேலை வாங்கும் குத்தகையாளர் உண்டு. ஆகையால் தொழிலையும் முழுக்கூலியையும் ஒருசேர அளிப்பதே நீதி. பெண் கொத்தனாருக்கும் அயல் மாநிலக் கொத்தனாருக்கும் அதே கூலி என்றால், அவர் வேலையை யார் மலிவாகப் பறிக்க முடியும்? அவர் பகை கரணை பிடிக்கும் கை அன்று. அக்கைக்குக் குறைத்துக் கொடுக்கும் கூலியே. அன்றியும், பம்பாய் நெசவாளர் தறியைக் காத்துநின்றதும் இவர் கரணையைக் காத்துநிற்பதும் ஒரே செயலன்றோ? நேற்று நமக்கு அடைத்த கதவை இன்று நாமே பிறர்க்கு அடைத்துவிட்டு, பழையதை மட்டும் சாதி என்று தூற்றுவதால் பயன் என்ன?

சாக்கியகுல இளவரசர் அநுருத்தர், ஆனந்தர் முதலியோர் துறவு பூணச் சென்றபோது, அவர்களுக்குச் சவரத் தொழில் புரிந்த உபாலியும் உடன் சென்றார். இளவரசர் பகவனை வணங்கி, "எங்கள் குலச்செருக்கு அடங்குமாறு உபாலிக்கே முதலில் துறவளித்தருள்க" என வேண்டினர். அவ்வாறே நிகழ்ந்தது, பின்வந்த இளவரசர் முன்வந்த உபாலியை வணங்க வேண்டியவராயினர். அதனோடும் நில்லவில்லை. உபாலி விநயம் முழுவதையும் கற்று, அதிற் சிறந்தவர் எனப் பகவனாலேயே புகழப்பெற்றார். பரிநிர்வாணத்தின் பின் இராசகிருகத்தில் கூடிய முதற் சங்கத்தில் விநயத்தை எடுத்துரைத்தவர் அவரே. அவரைச் சங்கத்தில் சேர்த்துக்கொண்டு, பிக்குகளின் தலைமழிக்கும் வேலையிலேயே நிறுத்தியிருந்தால் அது சமத்துவமாகுமோ? சேர்த்தல் முதற்படி, கற்பித்தல் இரண்டாம் படி, கற்றவரின் சொல்லுக்குத் தலைவணங்குதல் மூன்றாம் படி. மூன்றும் சேர்ந்ததே தம்மம்.

வெளிநாட்டுச் செய்தி ஒன்றும் நமக்குப் பாடமாகும். அமெரிக்க அரசு தன் கட்டிடக் குத்தகைகளில் வேலை நேரத்தில் 6.9 விழுக்காடு பெண்களுக்குக் கிடைக்க வேண்டுமென 1978இல் இலக்கு வகுத்தது. அவ்விலக்கிற்கு அடிப்படையாயிருந்த 1965ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை 2025 ஜனவரியில் நீக்கப்பட்டது. ஆணையால் திறந்த வாயிலை ஆணையால் மூடலாம். கையில் ஏறிய தொழிலைப் பறிக்கும் ஆணை எந்நாட்டிலும் இல்லை. நம் நாட்டிலேயே ஜார்க்கண்டில் கழிப்பறை கட்டும் பணிக்காகக் கிராமப் பெண்கள் கொத்துவேலை பயிற்றப்பட்டனர். ராஜ மிஸ்திரி என்று ஆணை அழைத்த மக்கள் அவர்களை ராணி மிஸ்திரி என்று அழைக்கலாயினர். கரணை கை மாறியபோது பெயரும் மாறிற்று.

ஆதலின் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். நம் விகாரைக்கும் கூடத்திற்கும் நம் உறுப்பினர் வீடுகளுக்கும் இனி வேலை பேசுங்கால், கொத்தனார் ஒவ்வொருவரும் சித்தாள் ஒருவருக்குத் தொழில் கற்பித்தல் வேண்டுமென்று பேசுவோமாக. கற்பிக்கும் நேரத்திற்கும் கொத்தனாருக்குக் கூலி கொடுப்போமாக. கற்றவர் வைத்த சுவர் தூக்குக்குண்டுக்கு நேர்நின்றால், அன்றுமுதல் அவருக்கு முழுக்கூலி அளிப்போமாக. செலவு சிறிது மிகும். அதனை நன்கொடை என எண்ண வேண்டா, கடன் தீர்த்தல் என எண்ணுக.

சுற்றுச்சுவரின் வடபுறம் இன்னும் பூசாமல் கிடக்கிறது. அச்சகோதரியைத் தேடி அழைத்து, அவ்வேலையை அவளிடம் ஒப்புவிக்கக் கருதியுள்ளோம். அக்கொத்தனாரிடமும் பேசினோம், அவர் இன்னும் இசைந்தாரில்லை, மறுத்தாருமில்லை. அவள் வரும் நாளில் நம் பிள்ளைகள் அவளை எப்பெயரால் அழைப்பது என்று கேட்டால், கொத்தனார் என்றே சொல்லிக்கொடுங்கள். 'ஆர்' விகுதி தமிழில் ஆண்பாலுக்கு மட்டும் உரியதன்று.