வெறுத்த தொழிலும் கடமையாகுமா?

தாம் செய்யும் தொழிலை நேசிப்பவர்கள் பாக்கியசாலிகள்; ஆனால் அத்தகையோர் சிலரே. வயிற்றுப்பாட்டுக்காகவோ பெற்றோரின் விருப்பத்துக்காகவோ ஒரு பணியில் அமர்ந்து, அதிலேயே ஆயுளைக் கழிப்பவர்கள் பலர். மனம் ஒட்டாத பணியைச் செவ்வனே செய்வது கடமையா, அல்லது தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வதா? இக்கேள்வியை எண்ணிப் பார்ப்பதற்கு அமெரிக்க டென்னிஸ் வீரர் ஆந்த்ரே அகாஸியின் வாழ்க்கை துணை செய்கிறது.

1970-இல் லாஸ் வேகாஸ் நகரில் பிறந்த அகாஸிக்கு டென்னிஸ் தாமே தேர்ந்தெடுத்த தொழிலன்று. 1948, 1952 ஒலிம்பிக் போட்டிகளில் ஈரானுக்காகக் குத்துச்சண்டையிட்ட அவரது தந்தை, மகனை உலகின் முதல்நிலை வீரனாக்கியே தீர்வதென உறுதி பூண்டிருந்தார். பந்தெறியும் இயந்திரத்தின் முன் நின்று, ஏழு வயதுச் சிறுவன் நாளொன்றுக்கு 2,500 பந்துகளை அடிக்க வேண்டியிருந்தது. 1986-இல், பதினாறாம் வயதில், அவர் தொழில்முறை வீரரானார். 1992-இல் விம்பிள்டன் பட்டம் வென்றார்; 1995-இல் தரவரிசையில் முதலிடம் பெற்றார். ஆயினும் டென்னிஸைத் தாம் உள்ளூர வெறுத்ததாக, 2009-இல் வெளியான தமது சுயசரிதையில் எழுதியுள்ளார்.

அந்த வெறுப்பு அவரைச் சும்மா விடவில்லை. 1997-இல் போதைப்பொருளை நாடினார். பரிசோதனையில் அது வெளிப்பட்டபோது பொய் சொல்லித் தப்பினார். அவ்வாண்டு நவம்பரில் தரவரிசையில் 141-ஆம் இடத்துக்குச் சரிந்தார். விலகியிருக்கலாம். மாறாக, புகழ் பெறாத வீரர்கள் ஆடும் சிறிய போட்டிகளில் இறங்கி, அடிப்படையிலிருந்து மீண்டும் தொடங்கினார். 1999-இல் பிரெஞ்சு ஓப்பன் பட்டம் வென்றார். அவர் பெற்ற எட்டு கிராண்ட் ஸ்லாம் பட்டங்களுள் ஐந்து, இந்த வீழ்ச்சிக்குப் பின் வந்தவையே.

மாறியது எது? தந்தை சுமத்திய பணியை இம்முறை அவரே தெரிந்து ஏற்றுக்கொண்டார். அதன் பயனும் தம்மைத் தாண்டிச் சென்றது. லாஸ் வேகாஸின் வறிய பகுதியில் வாழும் குழந்தைகளுக்காக 2001-இல் ஒரு பள்ளியைத் தொடங்கினார். டென்னிஸ் ஈட்டித் தந்த பெயரும் பொருளும் அப்பள்ளிக்குத் துணையாயின.

விருப்பத்தால் அன்றி, கடமையுணர்வால் செய்யப்படும் செயலுக்கே அறமதிப்பு உண்டு என்றார் காண்ட். நற்செயலில் இன்பம் காணாதவன் நல்லவனாகான் என்றார் அரிஸ்டாட்டில். இவ்விரண்டும் முரண்படுவதாகத் தோன்றலாம். ஆனால் செய்யும் வேலையில் இன்பம் இல்லாவிடினும், அவ்வேலை யாருக்குப் பயன்படுகிறதோ அவர்களிடத்தில் அன்பு பிறக்கக்கூடும். அப்போது கடமையும் இன்பமும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

இதைக் கொண்டு அத்தந்தையின் வற்புறுத்தலை நியாயப்படுத்திவிடலாகாது. மகன் பெற்ற பட்டங்கள், அவன் இழந்த பிள்ளைப்பருவத்துக்கு ஈடாகா. பிறர்மீது சுமையை ஏற்றுவது வேறு. தன்மீது ஏற்கெனவே அமர்ந்துவிட்ட சுமைக்கு ஒருவன் தானே பொருள் காண்பது வேறு. முன்னதற்கு நமக்கு உரிமையில்லை. பின்னது நம் ஒவ்வொருவருக்கும் இயலும்.

2006-இல் அகாஸி ஓய்வு பெற்றார். பிடிக்காத பணியில் இருப்பவர், 'இது எனக்குப் பிடித்திருக்கிறதா?' என்ற கேள்வியோடு நின்றுவிட வேண்டியதில்லை. 'இது யாருக்குப் பயன்பட வேண்டும்?' என்றும் கேட்கலாம். விடை கிடைக்குமாயின், அதே பணி நாளை வேறாகத் தோன்றும்.