பூசலார் ஊரில் பிடிமண்

தெற்கேயிருந்து சென்னைக்குப் பிழைக்க வந்த குடும்பங்களில் என்றைக்காவது இந்தப் பேச்சு எழும்: குலதெய்வக் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துவந்து இங்கேயே சாமியை வைத்துவிட்டால் என்ன? இப்போது எங்கள் வீட்டில் எழுந்திருக்கிறது. நாங்கள் இருப்பது திருநின்றவூர். சென்ட்ரலிலிருந்து மின்சார ரயிலில் சுமார் 30 கிலோமீட்டர். எங்கள் சாமி கற்குவேல் அய்யனார் இருப்பது தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்குடியிருப்பில், செம்மணல் காட்டுக்குள். நடுவில் 600 கிலோமீட்டருக்கு மேல்.

பிடிமண் தப்பான காரியமில்லை. ஊர்விட்டு ஊர் போன சனம் காலங்காலமாகச் செய்துவருவதுதான். கைப்பிடி மண்ணில் சாமி முழுசாக வந்துவிடுவார் என்றே நானும் நம்புகிறேன். எதற்காகக் கூட்டிவருகிறோம் என்பதுதான் என் கேள்வி.

இந்த ஊரில் இருந்துகொண்டு இதை யோசித்தால் பூசலாரைத் தாண்டிப் போக முடியாது. 63 நாயன்மார்களில் ஒருவர், திருநின்றவூர்க்காரர். கையில் காசில்லாமல் மனசுக்குள் சிவனுக்குக் கோயில் கட்டினார். காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்றளிக்கும் அதே நாளில் குடமுழுக்கு. சிவன் மன்னன் கனவில் வந்து, நான் நின்றவூருக்குப் போகவேண்டும், நீ வேறு நாள் பார் என்று சொல்லிவிட்டார். இங்குள்ள இருதயாலீஸ்வரர் கோயிலில் கருவறைக்குள்ளேயே லிங்கத்தின் பக்கத்தில் பூசலார் இருக்கிறார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும், உள்ளமே கோயில், கல்லும் மண்ணும் எதற்கு என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் எழுதியிருப்பதை நிதானமாகப் படித்தால், பூசலார் மனசுக்குள்ளும் எதையும் சுருக்கிக்கொள்ளவில்லை என்று தெரியும். பொருள் சேர்த்தார். தச்சர்களைத் தேடினார். நல்ல நாள் பார்த்துத் தொடங்கி, ராத்திரியும் கண்மூடாமல் வேலை பார்த்தார். விமானம், சுதை வேலை, மதில், கிணறு, குளம் என்று ஒன்றையும் விடவில்லை. நினைத்த மாத்திரத்தில் சிகரத்தை நிறுத்தியிருக்கலாமே, யார் தடுத்தது? மனசில் வெட்டுகிற குளம்தானே என்று அவர் அவசரப்படவில்லை. சிவன் மயங்கியது அந்த உழைப்பில்தான் என்று நினைக்கிறேன்.

நாங்களோ அலைச்சல் மிச்சம் என்று சாமியைக் கூப்பிடப் பார்க்கிறோம். அதுகூடப் பரவாயில்லை. அண்ணன் பார்த்துவைத்திருக்கும் இடம், வரத்துக் கால்வாய் ஓரத்துப் புறம்போக்கு. "சாமிய வச்சிட்டா யாரு வந்து இடிப்பா?" என்கிறார். இங்கே ஈசா ஏரிப் பக்கத்து நகர்களில் நல்ல மழை பெய்தால் வீட்டுக்குள் தண்ணீர் வந்து நிற்கிறது. அய்யனாரோ எங்கள் பக்கத்தில் குளத்துக்கும் கரைக்கும் காவல் நிற்கிறவர். தண்ணீர் வழியை அடைத்து அவரை உட்காரவைப்பது அவர் பெயராலேயே அவர் காவலைக் கெடுப்பது.

ஆனால் சித்தியின் கேள்விக்கு என்னால் இப்படிப் பட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. "எனக்கு முட்டி முடியலல்லா. அதுக்காவ அய்யனாரப் பாக்காமலே போய்ச் சேரவா?" ஊரே சாஸ்தா கோயிலுக்குக் கிளம்பும் பங்குனி உத்திரத்தன்று அவள் இங்கே பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு போகிற வழியைச் சொல்லுவாள். திருச்செந்தூரில் பஸ் ஏறணும். காயாமொழி வரும். அப்புறம் பனையும் கொல்லாமரமும். செருப்பைக் கழற்றினால் மணல் சுடும், ஓடக்கூடாது. "கோயில் வந்துட்டா ஆச்சி?" என்று பிள்ளை அவசரப்படுத்தினால், "இன்னும் மணலு தாண்டலட்டீ" என்பாள். ஒரு திருப்பத்தைக்கூட விடமாட்டாள். பூசலார் குளம் வெட்டியதை நான் கண்ணால் பார்த்ததென்றால் அது சித்தி வழி சொல்லும்போதுதான்.

அவளுக்காகவாவது சாமி வரட்டும். சொந்தக் காசில், மேட்டு நிலத்தில், முறையாக இடம் வாங்குவோம். எத்தனை வருஷம் ஆனாலும் சரி. கால்வாய் ஓரம்தான் என்றால் பிடிமண் எடுக்க நான் வரமாட்டேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.