பசியும் பழியும்

மனிதனின் குணங்களுள் அவனே முயன்று ஈட்டியது எது, அவனுக்கு வாய்த்தது எது என்னும் வினா மிகப் பழையது. அதனை நாம் நூல்களிலே படித்திருக்கிறோம்; வகுப்பறையிலே விளக்கியும் இருக்கிறோம். ஆயினும் அவ்வினாவின் முழுக் கனத்தையும் உணர்வதற்கு எமது இரைப்பையின் பெரும்பகுதியை நாம் இழக்கவேண்டியிருந்தது.

2023ஆம் ஆண்டில் உடல் நிறையைக் குறைக்கும் சத்திரசிகிச்சைக்கு நாம் உட்பட்டோம். அப்போது எமது நிறை 128 கிலோ. நீரிழிவு தொடங்கியிருந்தது. மேல்மாடி வகுப்புக்குப் படியேறினால், கதிரையிலே சற்று இருந்து மூச்சு வாங்கிய பின்னரே பாடத்தைத் தொடங்க முடியும். சோற்றைக் குறை, விடியற்காலையில் நட, நாவைக் கட்டு என்று புத்தி சொல்லாத உறவினர் இல்லை. சக ஆசிரியரும் இல்லை. அவர்கள் சொன்னவற்றை நாம் செய்யாமலும் இருக்கவில்லை. மூன்று தடவை பத்துக் கிலோவுக்கு மேல் குறைத்தோம். மூன்று தடவையும் போனது வட்டியோடு திரும்பி வந்தது. ‘மனவுறுதி இல்லாதவன்’ என்று ஊர் தீர்ப்புச் சொன்னது. அத்தீர்ப்பிலே நாமும் கையொப்பமிட்டோம்.

அத்தீர்ப்பை நாம் பிறர்மீதும் வழங்கினோம் என்பதை இங்கே மறைத்தல் ஆகாது. 2022ஆம் ஆண்டின் நெருக்கடிக் காலம். பாணின் விலையும் மாவின் விலையும் மேன்மேலும் ஏறிய நாட்கள். பத்தாந்தர மாணவன் ஒருவன் இரண்டாம் பாடவேளையில் மேசைக்கடியிலே வெறும் பாணைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான். அவனை எழுப்பி நிறுத்தி, “இடைவேளை மட்டும் வாயைக் கட்ட முடியாதவனுக்குப் படிப்பு எதற்கு?” என்று கேட்டோம். வகுப்புச் சிரித்தது. அவன் தலைகுனிந்து நின்றான். பாடம் முடிந்தபின் அவனுடைய நண்பன் எம்மிடம் வந்தான். “சேர், அவன் நேற்று மத்தியானத்துக்குப் பிறகு ஒண்டும் சாப்பிடேல்லை. அந்தப் பாணும் நான் குடுத்தது” என்றான். எம்மை நோக்கி நாடோறும் எறியப்பட்ட கல்லை எடுத்து, எம்மிலும் எளியவன் ஒருவன்மீது நாம் எறிந்திருந்தோம்.

சத்திரசிகிச்சைக்கு வருவோம். வயிற்றிலே ஐந்து சிறு துவாரங்களை இட்டு, அவற்றின் வழியே கருவிகளைச் செலுத்தி, இரைப்பையின் முக்காற்பங்குக்கும் மேலானதை வெட்டி அகற்றினர். எஞ்சியது ஒடுங்கிய குழாய் போன்ற ஒரு பகுதி. முதல் நாளில் ஒரு மிடறு நீரை விழுங்குவதே பெரும்பாடாக இருந்தது. இரண்டு வாரம் திரவ உணவு. பின்னர் மசித்த உணவு. நான்காம் மாதத்திலே தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. “தம்பி, இன்னும் ஒரு வாய்” என்று கிண்ணத்தோடு நின்ற அம்மாவுக்கு, அந்த ஒரு வாய்க்கு உள்ளே இடமில்லை என்பதை விளக்குவதே எல்லாவற்றிலும் கடினமாயிற்று. அன்பைச் சொல்வதற்கு அவருக்குத் தெரிந்த மொழி அதுவொன்றே.

ஆனால், எம்மைத் திகைக்க வைத்தது வேறொன்று. எம் பசி அடங்கிவிட்டது. கிரெலின் என்றொரு ஓமோன் உண்டு. யப்பானிய விஞ்ஞானிகள் 1999இல் அதனைக் கண்டறிந்து வெளியிட்டனர். பசியைத் தூண்டும் இந்த ஓமோன் பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியிலேயே சுரக்கிறது. வெட்டி அகற்றப்பட்டதும் அப்பகுதியே. அடுப்படியிலிருந்து தாளித வாசனை வந்தபோதும் எமது கவனம் கையிலிருந்த விடைத்தாளை விட்டு அகலவில்லை. ஓராண்டில் நிறை 84 கிலோவாயிற்று. முன்னர் எம்மைக் கடிந்த அதே உறவினர், “என்ன மனவுறுதி!” என்று பாராட்டினர். நாமோ புதிதாக எவ்வுறுதியையும் ஈட்டவில்லை. நேற்றிருந்த மனிதனே இன்றும் இருந்தான். போனது ஒரு துண்டுத் தசை. ஒரு கத்தி சில மணி நேரத்திலே தரக்கூடிய ஒன்றை ஒழுக்கம் என்று எவ்வாறு அழைப்பது? அது இல்லாதிருந்தபோது எம்மை இழுக்குடையவன் என்று எவ்வாறு சொல்வது?

இது எமது அனுபவம் மட்டுமன்று. 1944, 45ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்பவர் பட்டினி பற்றிய பரிசோதனை ஒன்றை நடத்தினார். முன்வந்தோர் 36 இளைஞர். மனச்சாட்சியின் பேரால் போரிலே ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள். ஆகவே, மனவுறுதியிற் குறைந்தவர்கள் என்று எவரும் சொல்ல இயலாது. ஆறு மாதம் அரைவயிற்று உணவில் வைக்கப்பட்டபோது அவர்களுடைய சிந்தனையை உணவே ஆட்கொண்டது. சமையற் குறிப்புகளைச் சேகரிக்கத் தலைப்பட்டனர் சிலர். பசி மனத்தின் வாசலில் நின்று அனுமதி கேட்பதில்லை. மனத்தையே தன் வசமாக்கிக்கொள்கிறது.

அங்ஙனமாயின் மனிதனுக்குப் பொறுப்பே இல்லையா என்று வாசகர் வினவலாம். உண்டு. புரதத்தை அளந்து உண்பதும், உயிர்ச்சத்து மாத்திரைகளைத் தவறாது எடுப்பதும், மாலையில் நடப்பதும் இன்று எமது கடமைகள். இவற்றைக் கைவிட்டால் இழந்த நிறை மீளவும் கூடும். ஆனால், பொறுப்பு ஆற்றலைப் பின்தொடர்ந்து வருவது. ஆற்றல் இல்லாதவன் தலையிலே ஏற்றப்படுவது பொறுப்பன்று, பழி.

அந்த ஆற்றலும் சமுதாயத்திலே சமமாகப் பங்கிடப்படவில்லை. எமது சிகிச்சைச் செலவை வங்கிக் கடனும் வெளிநாட்டிலுள்ள தமையனின் உதவியும் தாங்கின. எமது அயலிலே கூலிக்கு உடுப்புத் தைக்கும் பெண்ணொருத்திக்கும் இதே பருமனும் இதே நீரிழிவும் உண்டு. நாள் முழுவதும் இருந்த இடத்திலேயே வேலை. மலிவாக வயிற்றை நிரப்புபவை மாவும் சீனியுமே. அவளுக்கு எவரும் சிகிச்சையைப் பற்றிச் சொல்வதில்லை. வாயைக் கட்டச் சொல்கிறார்கள். வசதியுள்ளவனிடத்தே நோய் எனப்படுவது வசதியற்றவளிடத்தே குணக்கேடு எனப்படுகிறது.

மணிமேகலைக் காப்பியத்திலே காயசண்டிகை என்பவள் வருகிறாள். முனிவரின் சாபத்தால் யானைத்தீ என்னும் தீராப் பசியால் வருந்துபவள் அவள். பசியைக் குற்றத்தின் தண்டனையாகக் காணும் மரபு அச்சாபத்திலே தெரிகிறது. மணிமேகலையோ அமுதசுரபியிலிருந்து ஒரு பிடி உணவை இட்டு அப்பசியைத் தீர்க்கிறாள். பசியைப் பிணி என்று கண்டவளுக்குப் பழி சொல்லத் தேவையிருக்கவில்லை. இக்கதையைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வந்த நாமே, மேசைக்கடியில் மறைந்த ஒரு துண்டுப் பாணுக்காக நீதிபதியானோம்.

விடுமுறை முடிந்து பாடசாலைக்குத் திரும்பியபோது அம்மாணவனின் பெயர் இடாப்பில் இருக்கவில்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பை நாம் இழந்துவிட்டோம். இப்போது முதற் பாடவேளையில் எந்தப் பிள்ளையாவது மேசைக்கடியிலே கையை அசைத்தால், நாம் கரும்பலகையின் பக்கம் திரும்பிச் சற்று நீண்ட வாக்கியமொன்றை எழுதுகிறோம். இது தீர்வன்று என்பதை அறிவோம். பசியோடு வரும் பிள்ளை ஒளித்து உண்ணாமல், எல்லோரோடும் இருந்து உண்ணும் காலை உணவே தீர்வு. அதனைக் கேட்கவேண்டிய இடங்களிற் கேட்போம். அதுவரையில், பசித்தவனை நியாயந் தீர்க்கும் உரிமை நிறைந்த வயிற்றுக்கு இல்லை என்பதையேனும் ஆசிரியராகிய நாம் முதலிற் கற்றுக்கொள்வோம்.