எத்தனை முறை, எத்தனை பேர்

போலிஷ் மொழியில் 'சென்ஸ்டி' என்று ஒரு பெயரடை உண்டு. ஒன்று திரும்பத் திரும்ப நேர்வதையும், ஒன்று பலரிடம் காணப்படுவதையும் அந்தச் சொல் சேர்த்தே சுமக்கிறது. அடிக்கடி வீட்டுக்கு வருகிறவர் 'சென்ஸ்டி' விருந்தாளி. பலரும் செய்கிற இலக்கணப் பிழை 'சென்ஸ்டி' பிழை. ஆங்கிலத்துக்குப் போகும்போது இது இரண்டாகப் பிரிகிறது: விருந்தாளிக்கு 'ஃப்ரீக்வென்ட்', பிழைக்குப் பெரும்பாலும் 'காமன்'. ஒரு குழந்தைக்கு மாதாமாதம் சளி பிடித்தால் முன்னது. ஊரில் பலருக்கும் உள்ள நோய் என்றால் பின்னது. மரணத்துக்கு மிகச் 'சென்ஸ்டி'யான காரணம் எது என்ற கேள்வியை மொழிபெயர்க்கும்போது 'காமன்' என்பதுதான் இயல்பாக வரும். மனிதன் ஒருமுறைதான் சாகிறான். அங்கே எண்ணப்படுபவை முறைகள் அல்ல, ஆட்கள். விருந்தாளி, பிழை, நோய், சாவு ஆகியவற்றில் பொருளே நமக்கு வழிகாட்டிவிடுகிறது. பாவம் என்ற சொல்லோடு அந்தப் பெயரடை சேரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பாவம் ஒரே மனிதனிடம் மீண்டும் மீண்டும் வரும். பலரிடமும் பரவியும் இருக்கும். ஒரு போலிஷ் மறையுரையில் 'சென்ஸ்டி' பாவம் என்று வந்தால் எதை எழுதுவது? அகராதி இரண்டையும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. இது நடையழகைப் பற்றிய தேர்வு என்று நான் நினைக்கவில்லை. ஒரு குற்றத்தின் கனத்தை எதை வைத்து அளப்பது என்ற பழைய அறவியல் கேள்விக்கு மொழிபெயர்ப்பாளர் அந்த இடத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

மீள்வது மனிதனின் விருப்பத்தில் வேலை செய்கிறது. நற்குணமும் தீக்குணமும் ஒரே வகைச் செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதால் உருவாகின்றன என்று அரிஸ்டாட்டில் நிக்கோமாக்கிய அறவியலின் இரண்டாம் நூலில் நிறுவினார். ஒரே செயலால் பழக்கம் பிறக்குமா என்று தாமஸ் அக்குவினாஸ் தனிக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு, நற்குணம் வேரூன்றப் பல செயல்கள் வேண்டும் என்று முடிவு சொன்னார். இதைத் தன் உயிரிலேயே கண்டவர் அகுஸ்தினார். அவருடைய 'ஒப்புதல்கள்' எட்டாம் நூலில் ஒரு சங்கிலி வருகிறது: கோணலான விருப்பத்திலிருந்து இச்சை, இச்சைக்கு இணங்கி இணங்கிப் பழக்கம், தடுக்கப்படாத பழக்கத்திலிருந்து கட்டாயம். அந்தச் சங்கிலியை இரும்பால் வேறு யாரும் செய்து மாட்டவில்லை, தன் விருப்பமே தன்னைப் பூட்டியது என்பதுதான் அவர் கண்ட உண்மை. இதே பொறிமுறை நன்மைக்கும் உழைக்கும். 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறையாவது நற்கருணை பெற வேண்டும் என்று விதித்தது. அசிசியின் கிளாரா தம் சகோதரிகளுக்கு எழுதிய ஒழுங்கில் ஆண்டுக்கு ஏழு முறை. 1905 டிசம்பரில் திருத்தந்தை பத்தாம் பயஸ் காலத்து ஆணை, பாவமற்ற நிலையும் நேரிய நோக்கமும் இருந்தால் தினந்தோறும் பெறலாம் என்று கதவைத் திறந்தது. அந்த மூன்று விதிகளும் எண்ணியது ஒரு தனி ஆன்மாவின் முறைகளை.

பரவுவது வேறிடத்தில் வேலை செய்கிறது. அது அறிவைத் தொடுகிறது. இயற்கைச் சட்டம் எல்லாருக்கும் தெரிந்த ஒன்றுதானா என்று ஆராயும் இடத்தில் அக்குவினாஸ், ஜூலியஸ் சீசர் எழுதியதை நினைவுகூர்கிறார்: பழைய ஜெர்மானியரிடையே திருட்டு தவறாக எண்ணப்படவில்லையாம். திருட்டு அங்கே நல்லதாகிவிட்டது என்று அக்குவினாஸ் சொல்லவில்லை. எல்லாரும் செய்கிற ஊரில், அது தீது என்ற அறிவே கெட்ட வழக்கத்தால் மங்கிப்போகும் என்றார். ஆகவே பலர் செய்வதால் ஒருவனுடைய பொறுப்பு குறையுமானால், அது அறியாமையின் வழியாகக் குறைகிறதே தவிர, எண்ணிக்கையின் பலத்தால் அல்ல. தெரிந்தே செய்கிறவனுக்குப் பக்கத்தில் ஆயிரம் பேர் நின்றாலும் ஒரு சலுகையும் கிடையாது.

1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், பொறுப்பைக் குறைக்கக்கூடியவற்றைப் பட்டியலிடும்போது அறியாமையையும் பழக்கத்தையும் தனித்தனியே பெயர் சொல்கிறது. பலர் செய்கிறார்கள் என்பது அங்கே ஒரு காரணமாக இல்லை. பட்டியலின் கடைசியில் சமூகக் காரணிகள் என்ற பொதுச்சொல் வருவது உண்மை. ஆனால் அவையும் ஒருவனுடைய அறிவையோ விருப்பத்தையோ தொட்ட அளவுக்குத்தான் கணக்கில் வர முடியும். அதே நூல் வேறோர் இடத்தில், திரும்பத் திரும்பச் செய்யும் பாவம் மனச்சாட்சியையே மங்கவைக்கிறது என்றும் சொல்கிறது. அப்படியானால் மீள்வதும் அறிவைத் தொடத்தானே செய்கிறது, இந்தப் பிரிவினை எப்படி நிற்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வரும் வழியைப் பார்க்க வேண்டும். பரவிய வழக்கத்தில் பிறந்தவன் ஒன்றை விரும்பத் தொடங்கும் முன்பே இருட்டில் இருக்கிறான். பழக்கத்தில் விழுந்தவன் விரும்பி விரும்பி இருட்டுக்குள் நடந்து போனான். முதலாமவனுக்குத் தேவை போதனை. இரண்டாமவனுக்குத் தன் செயல் தீது என்று முன்பே தெரியும். அவனுக்குப் போதித்துப் பயனில்லை, கூட நின்று தூக்கிவிட ஆள் வேண்டும்.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமரும் குருவுக்கு இந்த வேறுபாடு ஏட்டுச் சர்ச்சை அல்ல. பழக்கத்தில் கிடப்பவன், மன்னிப்புப் பெற்ற பின்னும் திருந்தாமல் அதிலேயே மீண்டும் விழுகிறவன் என்று அறநெறி இறையியலார் இரு வகையினரைத் தனியாகவே ஆராய்ந்தார்கள். திருந்துவான் என்ற நம்பிக்கையே தென்படாத பழக்கப் பாவிக்கும், வாயால் வருத்தம் தெரிவித்தால் மன்னிப்பை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்ற தளர்வான கருத்தை 1679இல் திருத்தந்தை பதினோராம் இன்னசென்ட் கண்டித்தார். அந்தத் தீர்ப்பு கடுமையாகத் தோன்றலாம். ஆனால் அது ஒரு மனிதனுடைய வரலாற்றைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு. ஊர் எப்படி நடக்கிறது என்று பார்த்துச் சொன்னதல்ல. இந்த இடத்தில் 'சென்ஸ்டி' என்பதைக் 'காமன்' என்று மொழிபெயர்த்தால், தன் சங்கிலியை நோக்க வேண்டியவன் பக்கத்து வீட்டுக்காரர்களை எண்ணத் தொடங்கிவிடுவான். ஊரோடு சேர்ந்த பாவம் என்ற ஆறுதல் அவனுக்குக் கிடைக்கும். எந்த மறையுரையாளரும் அவனுக்குத் தர விரும்பாத ஆறுதல் அது.

போலிஷ் மொழியில் வேறு சொற்களே இல்லையா என்ற மறுப்பு உடனே எழும். உண்டு. எங்கும் பரவியதற்கு 'பொஃப்ஷெஹ்னி', தீயது பெருகிக் கிடப்பதற்கு 'நக்மின்னி'. பொன்னுக்குவீங்கிக்கு வழங்கும் போலிஷ் மருத்துவப் பெயரில் இந்த 'நக்மின்னி'தான் நிற்கிறது. ஊர் முழுக்கத் தொற்றுவது என்பது அதன் பழைய வாசனை. ஆகவே போலந்துக்காரர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு மொழியின் கருத்துக் கட்டமைப்பே நாம் காணும் உலகத்தைத் தீர்மானிக்கிறது என்று 1934இல் வாதிட்ட போலிஷ் மெய்யியலாளர் காஸிமியெஷ் அய்துகியேவிச்சே பின்னாளில் அந்தத் தீவிர நிலையை விட்டு விலகினார். நானும் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. என் வாதம் மொழிபெயர்ப்பாளரைப் பற்றியது. மூலத்தில் எழுதியவர் இரண்டையும் பிரிக்காமல் விட்டிருக்கலாம்; ஆங்கிலம் மொழிபெயர்ப்பாளரைப் பிரிக்க வைக்கிறது. 'ஃப்ரீக்வென்ட்' என்பதையும் சில ஆங்கில எழுத்தாளர்கள் பரவலுக்குப் பயன்படுத்துவதால் அதையே போட்டுத் தப்பிக்கலாமே என்றால், வாசகர் அதைப் பெரும்பாலும் முறைகளாகவே படிப்பார். மறையுரையாளர் வேண்டுமென்றே இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருந்தால், ஒரு சொல்லுக்குப் பதில் ஒரு முழு வாக்கியம் செலவழித்து இரண்டையும் எழுதுவதே நேர்மை. அது நீளம் என்று பதிப்பாசிரியர் குறைப்பட்டாலும் சரி.

யாரிடம் பேசப்படுகிறது என்பதுதான் என் அளவுகோல். ஆத்தும சோதனைக்கான சிறு கையேடு ஒரே ஆளிடம் பேசுகிறது. அங்கே 'சென்ஸ்டி' முறைகளைக் குறிக்கும். ஞாயிறு மறையுரை ஒரு சபையிடம் பேசுகிறது. அங்கே ஆட்களைக் குறிக்கலாம், குறிக்காமலும் போகலாம், அடுத்த வாக்கியத்தைப் படித்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். மத்தேயு பதினெட்டாம் அதிகாரத்தில் பேதுரு கேட்ட கேள்வி முதல் வகையைச் சேர்ந்தது: தனக்கு எதிராகப் பாவம் செய்யும் ஒரே சகோதரனை எத்தனை முறை மன்னிப்பது, ஏழு முறை போதுமா? அவர் எத்தனை சகோதரர்களை என்று கேட்கவில்லை. கிடைத்த பதிலும் முறைகளைப் பற்றியதுதான். பேதுருவின் ஏழைத் தாண்டி, யாரும் எண்ணிக்கொண்டிருக்க முடியாத ஒரு தொகை. ஒரே மனிதன் ஒரே குற்றத்தோடு மறுபடியும் வந்து நிற்பான் என்பதை அந்தப் பதில் முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு பேசுகிறது.